பெயரைப் பிரிக்கும்போது

பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் நற்பணி இப்போது பங்குகள் சிலவற்றில் நடைபெற்று வருகிறது. கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பிய ஏடுகளை இளைஞர் பொறுமையோடு படித்து, எக்செல் தாளில் வரிவரியாகப் பதிக்கின்றனர். இவ்வுழைப்பு பாராட்டுக்குரியதே. ஆயினும் இதில் ஓரிடத்தில் நம் பங்கு மக்கள் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும். முதலில் பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுகிறோம். பின்னர் அகர வரிசைப்படுத்தவும் தேடவும் வேண்டி அதனைத் தனித்தனிப் பத்திகளாகப் பிரிக்க முற்படுகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பிரிக்கும் வழி எளிது. பெயர்கள் உள்ள பத்தியைத் தேர்ந்துகொண்டு, மேலே ‘டேட்டா’ என்னும் பகுதியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்பதை அழுத்தி, ‘டீலிமிட்டெட்’ என்பதைக் குறித்து, பிரிக்கும் குறியாக இடைவெளியைக் காட்டினால் போதும். இடைவெளி தோறும் பெயரை வெட்டி அடுத்தடுத்த பத்திகளில் வைத்துவிடும். வலப்புறம் வெற்றுப் பத்திகளை முன்னரே நுழைத்திருத்தல் அவசியம். இல்லையேல், அங்குள்ளவற்றை அழிக்கலாமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் ‘ஓகே’ சொன்னால் திருமுழுக்கு நாள் இருந்த இடத்தில் பெயரின் வால் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ‘ஃபிளாஷ் ஃபில்’ என்ற வசதியும் உண்டு. ஒன்றிரண்டு பெயர்களை நாம் பிரித்துக் காட்டினால், மற்றவற்றைத் தானே ஊகித்து நிரப்பும். அது ஊகம் என்பதை மறக்கலாகாது.

கணினிக்குத் தெரிவது இடைவெளி ஒன்றே. ‘ஆரோக்கிய மேரி’ என்பது ஒரே பெண்ணின் ஒரே பெயர் என்பதை அது எங்ஙனம் அறியும்? ஒரு பத்தியில் ஆரோக்கியத்தையும் மறு பத்தியில் மேரியையும் வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். ‘அந்தோணி சவரிமுத்து’ என்பது ஒரு வரியில் ஒருவருடைய முழுப்பெயர். வேறொரு வரியில் தந்தையும் மகனுமாகிய இருவர் பெயர். ‘ம. அந்தோணி’ என்று இடம் விட்டு எழுதியது பிரியும், ‘ம.அந்தோணி’ என்று நெருக்கி எழுதியது பிரியாது. முத்துக்குளித்துறையில் கதை வேறு. 16-ஆம் நூற்றாண்டில் மறை தழுவிய பரதவர் குடும்பங்களில் பர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது போன்ற போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் இன்றளவும் வழங்குவதால், அங்கே கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளுதல் பெரும்பாலும் பொருந்தும். அங்கும் ‘டி குரூஸ்’ வந்தால் ‘டி’ அநாதையாக நிற்கும்!

ஆகவே, ‘முதற்பெயர்’, ‘கடைசிப்பெயர்’ என்னும் மேனாட்டுத் தலைப்புகளை நம் தாளில் இடுவது தகாது என்பது நமது துணிபு. சொந்தப் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர் என்று தலைப்பிடுக. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 877-ஆம் சட்டம் பெற்றோர் பெயரையும் ஏட்டில் எழுதுமாறு பணிக்கிறது, அவ்வழக்கமும் நெடுநாளையது. எனவே, தலைப்பெழுத்தின் விரிவை ஊகிக்க வேண்டியதில்லை. ஏட்டைப் புரட்டினால் போதும். மேலும், ஏட்டில் உள்ளவாறே எழுதிய முழுப்பெயர்ப் பத்தியை எவரும் தொடாமல் அப்படியே விட்டுவைத்தல் வேண்டும்.

பெண்மக்கள் பெயரில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. திருமுழுக்கு ஏட்டில் தந்தையின் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெண், மணமான பின் குடும்ப அட்டையில் கணவரின் தலைப்பெழுத்தோடு தோன்றுகிறாள். கணினி அவளை இரு வேறு பெண்களாகவே எண்ணும். கணவர் பெயருக்குத் தனிப் பத்தி ஒதுக்குவதே முறை. தந்தை பெயரை அழித்து அவ்விடத்தில் இவர் பெயரை எழுதலாகாது.

இதெல்லாம் வீண் நுணுக்கமன்று. மும்பையில் பணிபுரியும் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகி, திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வருகிறது. தாளில் தேடினால் பெயர் இல்லை. ‘பதிவில்லை’ என்று பதில் போய்விடுகிறது. ஏட்டிலோ அவள் பெயர் அழகாக இருக்கிறது! திருமணத்தைத் திருமுழுக்கு ஏட்டிலேயே குறித்துவைக்க 535-ஆம் சட்டம் கட்டளையிடுவதால், தவறான வரியில் அக்குறிப்பு ஏறிவிட்டால் விளையும் குழப்பத்தைச் சொல்லவும் வேண்டுமா? அயல்நாடு செல்வோர் படும் பாடு தனி. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்க்குச் சுற்றுலா அனுமதி இல்லையென்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பின்னர் சற்றுத் தளர்த்தியதை வாசகர் சிலர் நினைவுகூரலாம்.

1900-க்கு முற்பட்ட நாள்களை எக்செல் நாளாகவே ஏற்பதில்லை. அவற்றைச் சாதாரண எழுத்தாகவே பதிக்க. அதுபற்றி வேறொரு மாதம் எழுதுவோம்.

பிரித்து முடித்த பின், ஒருவர் ஏட்டை வாசிக்க மற்றவர் தாளைப் பார்த்து வருவது நலம். ஓய்வுபெற்ற உபதேசியார் எவரேனும் ஊரில் இருந்தால் அவரையும் அழைத்து அருகில் அமர்த்திக்கொள்க. எது தந்தை பெயர், எது மகன் பெயர், எந்த மரியம்மாள் எந்த வீட்டுக்காரி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு காப்பி மட்டும் மறவாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.