மழை வந்தால் கூலி நிற்கும், ஃபீஸ் நிற்காது! உப்பளத்துப் பெற்றோர் பார்க்க வேண்டிய கணக்கு

மரக்காணம்,
மரக்காணம் உப்பளங்களில் அக்டோபர் வந்தால் பாத்தி எல்லாம் வெள்ளக்காடு. டிசம்பர் வரை கூலி கிடையாது. இப்படி மழைக் காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5 ஆயிரம் நிவாரணம் தரும் திட்டத்தை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது. ஆனால், தனியார் பள்ளியின் இரண்டாம் தவணை ஃபீசும், வேன் வாடகையும் மழைக்காகக் காத்திருப்பதில்லை!

மூன்று ரகம்

பள்ளிக்கூடம் மூன்று ரகம். அரசுப் பள்ளியில் எல்லாச் செலவும் அரசுடையது. உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் தனியார், வாத்தியார் சம்பளம் அரசு. சுயநிதிப் பள்ளியிலோ சாக்பீஸ் முதல் வேன் டீசல் வரை பெற்றோர் தலையில்!

'இங்கிலீஷ் மீடியம் ஆச்சே' என்பார்கள். அது பல அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது. 2011-ல் சமச்சீர் கல்வி வந்த பிறகு 10-ம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான்.

அதற்காக அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்ற நிலை பல கிராமங்களில் உண்டு. வேன் பிடிக்க ஜனங்கள் ஓடுவது சும்மா இல்லை.

கை நழுவும் சலுகை

ஆனால், பலருக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அந்த இடம். பொறியியல், சட்டம், வேளாண்மைக்கும் 2021-ல் இது வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இதேபோல் நிபந்தனை உண்டு. நடுவில் பணம் கட்டி சுயநிதிப் பள்ளிக்கு மாற்றினால், கட்டிய பணமும் போச்சு, பின்னால் வரும் சலுகையும் போச்சு!

25 சதவீதம்

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளி ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைகளுக்கு இலவசம். அருகில் அப்படிப்பட்ட பள்ளி இருந்தால்தான் அது உதவும். 2025-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தடித்தது.

பணம் கட்டியே சேர்ப்பவர்கள் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். ஒன்பது மாத உப்புக் கூலியில் பன்னிரண்டு மாதச் செலவு தாங்குமா என்பதை ஜூனிலேயே பார்ப்பது நல்லது. நவம்பரில் பார்த்தால், படிப்பு பாதியில் நிற்கும்!