அந்த இன்னொரு இயக்குநர் எங்கே?

'சிட்டி ஆஃப் காட்' (2002) பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அந்தக் கோழி துரத்தலில்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் கேமரா, எடிட்டிங்... கடைசியில் "ஃபெர்னாண்டோ மெய்ரெல்லஸ் பின்னிட்டார்யா!" என்று முடிப்பார்கள். டைட்டிலில் இன்னொரு பெயரும் இருக்கிறது. காட்டியா லுண்ட், கோ-டைரக்டர். அதை யாரும் சொல்வதில்லை.

நம்மூரில் இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. கோடம்பாக்கத்தில் கோ-டைரக்டர் என்றால் உதவி இயக்குநர்களில் சீனியர், அவ்வளவுதான். லுண்ட் செய்த வேலை அதுவல்ல.

படம் ரியோ டி ஜெனிரோ சேரியைப் பற்றியது. மெய்ரெல்லஸோ சாவோ பாலோவில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். லுண்ட் 1999லேயே, இன்னொருவருடன் சேர்ந்து, ரியோ சேரிகளில் போலீசுக்கும் போதைமருந்துக் கும்பல்களுக்கும் நடக்கும் சண்டையை டாகுமெண்டரியாக எடுத்துவிட்டார். நடித்தவர்களில் பெரும்பாலானோர் கேமரா முன்னால் நின்றே பழகாத சேரிப் பையன்கள். லில் ஸேயாக மிரட்டும் லியாண்ட்ரோ ஃபிர்மினோ அந்தக் குடியிருப்புக்காரரேதான். இவர்களுக்குப் பல மாதம் நடிப்புப் பட்டறை நடந்தது. ஸ்கிரிப்ட் கிடையாது. சூழ்நிலையைச் சொல்லிப் பேசவிட்டு, அவர்கள் வாயிலிருந்தே வசனம் பிடித்தார்கள். அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் லுண்ட்.

2004ல் படத்துக்கு நான்கு ஆஸ்கார் பரிந்துரைகள்: இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங். இயக்கத்துக்கு மெய்ரெல்லஸ் பெயர் மட்டும்!

மெய்ரெல்லஸ் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பாலோ லின்ஸின் நாவலைப் படமாக்க முனைந்தவர் அவர். கேமராவும் எடிட்டிங்கும் அவர் பொறுப்பு. லுண்ட் 'நடிகர்களை மட்டும்' பார்த்துக்கொண்டாராம். மட்டும்! அந்தப் பையன்களைக் கழித்துவிட்டால் படத்தில் மிச்சம் என்ன?

ஒரு படத்துக்கு ஒரு இயக்குநர்தான் என்று சொல்வார்களானால் அதுவும் செல்லாது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்காக 1962ல் ராபர்ட் வைஸும் ஜெரோம் ராபின்ஸும் இயக்குநர் ஆஸ்காரைச் சேர்ந்தே வாங்கினார்கள். ராபின்ஸ் பார்த்துக்கொண்டது நடனக் காட்சிகளை. அதிலும் பாதி ஷூட்டிங்கிலேயே நீக்கப்பட்டவர். அவருக்குக் கொடுக்க முடிந்தது, லுண்டுக்கு முடியாதா?

2008ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தபோதும் இதே கதை. இந்தியாவில் நடிகர்களைத் தேர்ந்தெடுத்த லவ்லீன் டாண்டன்தான் கோ-டைரக்டர். பரிந்துரை டேனி பாய்லுக்கு மட்டும். தனக்காக யாரும் கொடிபிடிக்க வேண்டாம் என்று டாண்டனே சொல்லிவிட்டார். அது அவர் பெருந்தன்மை. ரஹ்மானின் இரண்டு ஆஸ்காரை ராத்திரி முழுக்கக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இரண்டு படமும் சேரி. இரண்டிலும் சேரிக் குழந்தைகளோடு வேலை பார்த்தது ஒரு பெண். இரண்டிலும் மேடைக்குப் போனது இன்னொருவர் பெயர்.

அடுத்த முறை அந்தக் கோழியைப் புகழ்கிறவர்கள், அதைத் துரத்தும் பையன்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது யார் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.