அம்மை வந்தாச்சுங்க… எந்த அம்மை?

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறும்போது கொங்கு ஊர்களில் இரண்டு இடங்களில் வேப்பிலையைப் பார்க்கலாம். ஒன்று, மாரியம்மன் கோயில் கம்பம். ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றும் அதே கம்பம்தான். இன்னொன்று, அம்மை கண்ட வீட்டின் வாசல் நிலை. நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் பால்காரர்கூட வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வாசலுக்கு வெளியே இருப்பவர்கள் தப்பித்தார்கள். உள்ளே இருப்பவர்கள்?

பெரும்பாலும் அம்மையை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கும் வாண்டுதான். அது நாலு நாள் சிணுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் செல்போன் கேட்க ஆரம்பித்துவிடும். கவலைப்பட வேண்டியது அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியும் பெரியவர்களைப் பற்றி. அந்த வீடுகளில் அன்று தவறாமல் நடக்கும் உரையாடல் ஒன்று உண்டு.

“ஏங்கண்ணு, சின்னதுல உனக்கு அம்மை வந்துருக்குதா?”

“வந்துருக்குதுங்க அத்தை. எங்கம்மா சொல்லியிருக்கறாங்க.”

“அப்பறமென்ன, ஒண்ணும் ஆகாது.”

மாமியாருக்கும் நிம்மதி, மருமகளுக்கும் நிம்மதி. வந்தது எந்த அம்மை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தமிழில் ‘அம்மை’ என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன. பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி என்று சொல்லப்படும் தட்டம்மை, கன்னம் வீங்கும் பொன்னுக்குவீங்கி என்கிற தாளம்மை. எல்லாம் வெவ்வேறு வைரஸ்கள். ஒன்று வந்து போனதால் இன்னொன்று வராது என்பதில்லை. பெரியம்மையும் சின்னம்மையும் ஒன்றில்லை என்று வில்லியம் ஹெபர்டன் என்ற டாக்டர் லண்டனில் 1767-லேயே விளக்கிவிட்டார். கோவைக்காரர்களுக்கும் நோய்க்குத் தனிப்பெயர் வைக்கத் தெரியாமல் இல்லை. பிளேக் வந்து ஊரை உலுக்கிய காலத்தில் ‘பிளேக் மாரியம்மன்’ என்றே கோயில் எழுப்பிக் கும்பிட்ட ஊர் இது. அம்மைகளை மட்டும் ஒரே கூட்டில் போட்டுவிட்டோம்.

“அம்மை குத்தியாச்சு” என்று கையைக் காட்டுபவர்களும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர்களின் கையில் இருப்பது பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பாக இருக்கலாம். அந்த நோய் இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு போய்விட்டது. உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவித்தார்கள். இளையவர்களின் இடது தோளில் இருப்பது காசநோய்க்கான பிசிஜி ஊசித் தழும்பு. 2017-ல் பள்ளிக்கூடங்களில் வரிசையில் நிற்கவைத்துப் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். இதில் எதுவுமே சின்னம்மையைத் தடுக்காது. அரசு இலவசமாகப் போடும் குழந்தைகள் தடுப்பூசிப் பட்டியலில் சின்னம்மை ஊசி கிடையாது; தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். எனவே ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்ற வீட்டிலும் இது மட்டும் விட்டுப்போயிருக்கலாம்.

அன்று வந்தது எது என்று அம்மாவிடமோ அம்மிச்சியிடமோ இப்படிக் கேட்டால் தெரிந்துவிடும்: “தண்ணி கோத்த கொப்புளமா, வெறும் தடிப்பா?” சின்னம்மையில் பனித்துளி மாதிரி நீர்க்கொப்புளம் வரும், அரிப்பு எடுக்கும். ஒரு பக்கம் பழையது காய்ந்து பொருக்காகும்போதே இன்னொரு பக்கம் புதிதாகக் கிளம்பும். தட்டம்மையில் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, இருமலும் கடும் காய்ச்சலும் வந்த பிறகு உடம்பு சிவந்து தடிக்கும், நீர் கோக்காது. கேட்டும் தெளிவாகவில்லை என்றால் சின்னம்மைக்கான ஐஜிஜி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடிவு எத்தனை நாளில் வரும் என்பதை ரத்தம் கொடுக்கும் முன்பே லேபில் கேட்டுவிட வேண்டும். காரணம் சற்றுக் கீழே.

பெரியவர்களான பிறகும் சின்னம்மை வராமலேயே இருப்பார்களா என்று கேட்கலாம். குளிர் நாடுகளில் அது அபூர்வம். தடுப்பூசி வருவதற்கு முன் அங்கே பெரும்பாலானோருக்குப் பத்து வயதுக்குள் வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் கதை வேறு. மேற்கு வங்காளத்தில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வு ஒன்று, நகரத்தில் வளர்ந்தவர்களைவிடக் கிராமத்தில் வளர்ந்தவர்கள்தான் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பெரியவர்கள் ஆகிறார்கள் என்றது. கொங்குப் பக்கம் இதைப் புரிந்துகொள்வது எளிது. காங்கேயத்துப் பக்கமோ தாராபுரத்துப் பக்கமோ தோட்டத்துச் சாளையில் வளர்ந்த பெண்ணுக்கு அடுத்த வீடு என்பதே இரண்டு காடு தள்ளித்தான். விளையாடக் கூட்டாளி கம்மி, தொற்றும் கம்மி. அவரே பின்னாளில் கோவைக்கு வந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்கிறார். மகன் பிளே ஸ்கூலிலிருந்து வாங்கி வருவது அவருக்கு வாழ்க்கையின் முதல் சின்னம்மை. திருப்பூரில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி பனியன் கம்பெனிக்குப் போகும் இளைஞர்களுக்கும் இதே நிலைமை வரலாம்.

பெரியவர்களுக்கு வந்தால் என்ன? பெரும்பாலானோர் இரண்டு வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். ஆனாலும் பிள்ளைகளுக்கு வருவதுபோல இது லேசில் போகாது. தடுப்பூசி வருவதற்கு முந்தைய அமெரிக்கக் கணக்குப்படி, சின்னம்மை வந்தவர்களில் பெரியவர்கள் 5 சதவீதம்தான். இறந்தவர்களில் அவர்கள் சுமார் 35 சதவீதம். வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆவதே முக்கியக் காரணம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கொப்புளம் கிளம்பிய சில நாட்களில் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமையே தொடங்கிய கணக்கு

பிள்ளையின் முதுகில் முதல் கொப்புளத்தைத் திங்கட்கிழமை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேப்பிலை கட்டுவதும் தனி அறையில் விடுவதும் அன்றிலிருந்துதான். ஆனால், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். அதாவது, சனிக்கிழமை எல்லோரும் ஒரே கட்டிலில் படுத்து டிவி பார்த்தபோதே! ஒரே வீட்டில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இது தொற்றிக்கொள்ளும்.

இந்த நேரத்தில் கைகொடுப்பது தடுப்பூசிதான். ஜப்பானிய டாக்டர் மிச்சியாகி தகாஹாஷி, 1964-ல் தன் 3 வயது மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கி, பத்தாண்டு உழைத்து உருவாக்கியது. தொற்றுக்கு ஆளான 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டுக்கொண்டால் நோய் வராமல் போகலாம். வந்தாலும் லேசாகப் போகும். மேலே சொன்ன வீட்டுக்கு அது வியாழனோடு முடிகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு அடுத்த வாரம்தான் வரும் என்றால் என்ன பயன்? நாள் கடந்துவிட்டாலும், இந்த முறை நோய் வராவிட்டால் அடுத்த முறைக்கு ஊசி உதவும். பெரியவர்களுக்கு இரண்டு தவணை. இடையில் குறைந்தது 4 வாரம்.

ஆனால் கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்த ஊசி கூடாது. இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். ஊசி போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிப்பதையும் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

தலைப்பிள்ளைப் பேறுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். அந்த வீட்டில் அண்ணன் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் அலட்சியம் வேண்டாம். கர்ப்பத்தின் முதல் 20 வாரத்தில் தாய்க்கு வந்தால் சிசுவைப் பாதிக்கும் வாய்ப்பு, குறைவுதான் என்றாலும், உண்டு. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் கிளம்பினால் பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்து. ஏற்கெனவே சின்னம்மை வந்தது உறுதி என்றால் பயமில்லை. உறுதியில்லை என்றால் அன்றே டாக்டருக்குப் போன் போட வேண்டும். நேரில் போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காரக் கூடாது. எதிர்ப்புப் புரதம் அடங்கிய இம்யூனோகுளோபுலின் ஊசியை 10 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, கொடுக்கலாம். விலை கூடுதல், எல்லா ஊரிலும் உடனே கிடைத்துவிடாது. போனைத் தள்ளிப்போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

அம்மை வீட்டின் பழைய கட்டுப்பாடுகளில் பாதி அருமையானவை. தனி அறை, தனிப் பாய், விருந்தாளிக்குத் தடை, இளநீர், மோர். இன்னொரு பாதிதான் இடிக்கிறது. ‘ஆத்தா வந்திருக்கறப்ப மருந்து ஆகாது’ என்று சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆஸ்துமா மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். இது அம்மையைவிடப் பெரிய ஆபத்து. பெரியவர்களுக்கு உதவும் அசைக்ளோவிர் மருந்தும் கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு போகலாம் என்று இருந்தால் அதற்கு வேலையே இருக்காது. வேப்பிலை கட்டியபடியே டாக்டரைக் கேட்கலாம். எந்த அம்மனும் கோபிக்க மாட்டாள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிட்டதும் முடிந்தது என்று நினைப்பார்கள். இரண்டாவது ஆளுக்குக் கொப்புளம் கிளம்புவது, தொற்றிய 10-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாளுக்குள். பிள்ளை குணமாகிப் பள்ளிக்குப் போன பிறகு, அப்பா கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது! எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை விசேஷங்களையும், பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போவதையும் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் பிள்ளைகளே இல்லை, அம்மை எங்கிருந்து வரும் என்று இருப்பவர்கள் அப்பாருவின் இடுப்பைப் பார்க்கட்டும். ஒரு பக்கமாக வரிசை கட்டி வரும் அக்கி, அவருக்கு எப்போதோ வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து மறுபடி எழுந்ததுதான். அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத மருமகளுக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். குயவரிடம் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது அவர் விருப்பம். கொப்புளம் காய்ந்து பொருக்காகும்வரை மேலே சுத்தமான துணி சுற்றியிருக்கட்டும். கட்டு மாற்றுவதையும் துணி துவைப்பதையும் ஏற்கெனவே சின்னம்மை வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும்.