எச்சமாய் நின்ற சட்டம்

மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டத்தின் கதையை நோக்குந்தோறும், வகுப்பிலே யான் கற்பிக்கும் வினையெச்சம் நினைவுக்கு வருகின்றது. 'வந்து' என்று தொடங்கியவன் வாய்மூடிக்கொண்டால், வந்து என் செய்தான் என்று கேட்போர் காத்திருக்க வேண்டியதே. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அத்தகையது.

வேட்பாளர் பட்டியலிற் பெண்டிர்க்கு நூற்றுக்கு முப்பது இடம் ஒதுக்கும் சிறு சட்டமூலமாகவே அது பாராளுமன்றம் புகுந்தது. குழுநிலையிலே உருமாறி, விகிதாசார முறையை நீக்கிப் பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்னும் கலப்பு முறையைக் கொணர்ந்தது. தொகுதி வேண்டின் எல்லை வேண்டுமன்றோ? அப்பணி க. தவலிங்கம் தலைமையிலான குழுவிடம் சென்றது. அதன் அறிக்கை 24.08.2018இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். சார்பாக ஒன்றேனும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார்! மீளாய்வுக்கெனப் பிரதமர் தலைமையில் அமைந்த குழுவோ அறிக்கை தரவேயில்லை.

எல்லை வரைதல் எளிதன்று என்பதை எம் வாவிக்கரையார் நன்கறிவர். தமிழூரும் முஸ்லிம் ஊரும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல அடுத்தடுத்து அமைந்த மண் இது. கல்லாற்றிலிருந்து ஏறாவூர்வரை எவ்விடத்துக் கோடு கிழிப்பினும் ஒருசாரார் தம் குரல் குன்றிற்றென்பர். அவ்வச்சத்தைப் பொய்யென்று தள்ளவியலாது. ஆயின் புதுவீடு எழுமுன் பழங்கூரையைப் பிரித்தவர் யார்? அதுவே என் வினா.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 37 உறுப்பினர் இருந்த அவைக்கு 2025 முடியும்வரை தேர்தல் நிகழவில்லை. இடையில், சனாதிபதி நியமித்த ஆளுநரே ஆட்சி நடத்தினர். பாடசாலைகளிற் பெரும்பாலன மாகாணத்துக்குரியவை. படுவான்கரைப் பள்ளியொன்றிற் கணித ஆசிரியர் இலரெனின், அதனை அவையிலெழுந்து கேட்பதற்கு மக்கள் தெரிந்த ஒருவரும் இலர். மனு எழுதலாம்; எழுதி எழுதிக் கை சலித்தோர் பலர்.

எல்லைப் பிணக்குத் தீருமட்டும் பழைய விகிதாசார முறையையே மீட்டல் தகும். எம். ஏ. சுமந்திரன் உறுப்பினராயிருந்த காலத்தில் இதற்கெனத் தனிநபர் சட்டமூலமொன்றைக் கொணர்ந்தார், அது நிறைவேறவில்லை. உள்ளூராட்சித் தேர்தலோ பல தடை கடந்து 06.05.2025இல் நடந்தேறியது. மாகாண சபைக்கு மட்டும் எல்லைக் கோட்டைக் காரணங்காட்டிக் காலங்கடத்துதலை யான் ஏற்கேன்.