கைக்காப்பும் கட்டுத்துவக்கும்

டெக்சாஸிலிருந்து விடுமுறையில் வெலிமடைக்கு வந்திருந்த என் மருமகன், தன் ஏ.ஆர்.-15 துவக்குக்கு வாங்கிப் பூட்டிய புதிய கைக்காப்பின் படங்களைக் காட்டினான். பழையது இரண்டு பிளாஸ்டிக் பாதிகள்; முன்புறம் அவை குழலோடு இணைந்த மூடியில் அமர்பவை. கை அழுத்தினால் குழலும் சற்று அழுந்தும், குண்டு விழும் இடம் மாறும். புதியதோ ஓர் அலுமினியக் கூடு. குழலின் அடியிலுள்ள நட்டை மட்டும் பற்றிக்கொண்டு, மற்ற இடங்களில் குழலைத் தொடாமல் நீண்டு நிற்கும். இதைத்தான் 'மிதக்கும் குழல்' என்கிறார்கள்.

அந்த நட்டை 30 முதல் 80 அடி-பவுண்டு வரையான முறுக்கில் இறுக்க வேண்டுமாம். அந்த எல்லைக்குள் நட்டின் பல்லிடுக்கு வாயுக் குழாய்க்கு நேராக வந்து நிற்கவும் வேண்டும். குழாய் உரசினால் துவக்கு சிக்கும். இந்த வேலை மூன்று மாலைப்பொழுதுகளை விழுங்கியிருக்கிறது. சிரத்தையான பிள்ளை, மறுக்கவில்லை.

ஆனால், "மாமா, உங்க ஊர்ல துவக்கு பற்றிய அறிவே இல்லை, அதனாலதான் இத்தனை விபத்து" என்றானே, அதற்குத்தான் இந்தப் பதில்.

கெப்பட்டிப்பொல பக்கத்து உருளைக்கிழங்குச் சரிவுகளில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் பாத்தி பாழ். விதைக்கிழங்குக்குக் கடன் பட்டவனின் வயிற்றெரிச்சலை நான் அறிவேன். அதற்கு ஊர் கண்ட மருந்து கட்டுத்துவக்கு: ஓர் இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, மருந்து, சன்னம், பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி. கட்டியவனுக்கா அறிவில்லை? பன்றியின் தோள் எந்த உயரத்தில் வரும் என்று தன் முழங்காலை வைத்து அளந்து கட்டுகிறான் ஐயா! அதே உயரத்தில்தான் விடியற்காலையில் விறகுக்குப் போகும் லயத்துப் பெண்ணின் காலும் வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறான். இதில் விபத்து எங்கே இருக்கிறது?

பக்கத்துத் தியத்தலாவையில் இராணுவம் குறிசூட்டாளர்களுக்குப் பயிற்சியளிக்கிறது. அங்கே குண்டு எங்கே போகிறது என்பதற்கு ஒரு மனிதன் பொறுப்பு. மருமகனின் மூன்று மாலைப்பொழுதும் அந்தப் பொறுப்பைச் சேர்ந்ததே. கட்டுத்துவக்கைக் கட்டுபவன் அந்தப் பொறுப்பிலிருந்து தப்புவதற்காகவே கட்டுகிறான்.

சட்டம் இல்லாமலில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதே குற்றம். காட்டுப்பன்றியோ பாதுகாக்கப்பட்ட விலங்கல்ல. பயிர் காக்கப் பத்திரம் பெற்ற துவக்கோடு காவலிருந்து சுடலாம். அதற்கு விண்ணப்பித்தால் காணி உறுதி எங்கே என்று கேட்பார்கள். லய அறையில் பிறந்து லய அறையிலேயே முடிகிறவன் எந்த உறுதியைக் காட்டுவான்? இந்த அநீதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவோம். ஆயினும் அது கம்பி கட்டுவதற்கு உரிமம் ஆகாது. உறுதி வைத்திருக்கும் தோட்டக்காரர்களும் கட்டத்தான் செய்கிறார்கள்.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. நிருபராக இருந்த காலத்தில் இத்தகைய செய்திகளை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். 'கட்டுத்துவக்கில் சிக்கிப் பெண் படுகாயம்.' நான்கு வரி, உட்பக்கத்தின் அடியில். அவள் ஏதோ கவனமின்றிப் போய்ச் சிக்கியது போலவும், துவக்கு காட்டுச்செடியாகத் தானே முளைத்தது போலவும்! கட்டியவர் யார், காணி யாருடையது, வழக்கு என்னவாயிற்று என்று ஒருநாளும் பின்தொடர்ந்ததில்லை. ஊரும் வாய் திறக்காது. நாளைக்கு அதே கிணற்றில்தானே தண்ணீர் அள்ள வேண்டும்!

இன்று செய்தி மேசைகளில் இருக்கும் தம்பி தங்கையரிடம் ஒன்றே கேட்கிறேன். 'சிக்கி' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 'கட்டுத்துவக்கு கட்டிச் சுட்டார்' என்று எழுதுங்கள். ஆசிரியர் பெயரைக் கேட்பார். பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.