அனனியாவின் காலண்டர்

மதுரையிலிருந்து கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சி செல்லும் சாலையில், வேன்களின் பின்கண்ணாடியிலும் கிறித்தவர்களின் கடைச்சுவர்க் காலண்டரிலும் தப்பாமல் தென்படும் ஒரு வசனம் உண்டு: எரேமியா 29:11. உங்களுக்கு நான் நினைத்திருப்பது தீமை அல்ல, நல்ல முடிவுதான் என்று கடவுள் சொல்வதாக வரும் இடம். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் பெரும்பாலும் இதுபோன்ற ஒன்றே வந்து விழுகிறது. வேதத்தில் ஆறுதல் தேடுவதை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் இப்படித் தேடுவது வேதத்துக்கே விரோதமானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தைப் புரட்டினால் அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் அறிவிக்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவின் கடிதமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்த அந்நிய நகரத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. திரும்புவதற்கு 70 வருடம் ஆகும். அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. நல்ல முடிவு என்ற சொல் இதற்குப் பிறகுதான் வருகிறது. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றை மட்டும் அச்சடிக்கும்போது எரேமியாவின் கையெழுத்தில் அனனியாவின் செய்தியை விற்கிறோம்.

இந்த வெட்டுவேலையைப் பற்றி வேதத்துக்கே தெரியும். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில், தூதர்கள் கைகளில் தாங்கிக்கொள்வார்கள் என்ற பொருளில் 91ஆம் சங்கீதத்தை எடுத்து நீட்டுகிறவன் சாத்தான். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாய்திறந்த பிறகு அவர்கள் பேசியதில் பாதி, தனியே எடுத்தால், அழகான அட்டை வாசகம். புத்தகத்தின் கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல் விழுகிறது. கடவுளோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகிறது. 42 அதிகாரத்தையும் படித்தவருக்கே அந்தத் தீர்ப்பு கிடைக்கும்.

உழைத்துக் களைத்தவனுக்கு 66 புத்தகம் படிக்க ஏது நேரம், ஒரு வரி போதாதா என்பார்கள். இது ஏழைக்காகப் பேசுவதுபோலத் தோன்றும் ஏளனம். அமெரிக்கன் மதுரா மிஷனின் வேதாகமப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் வீடுவீடாகப் போய் எழுத்தறியாத பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களை நம்பியே அந்த உழைப்பு. கண்மாயும் மழையும் கைவிட்ட வருடத்தில் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி எரேமியா 14ஐத் திறக்கட்டும். தண்ணீருக்குப் போனவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பிவந்து வெட்கித் தலையை மூடிக்கொள்கிறார்கள். வெடித்த நிலத்தைப் பார்த்து உழவர்கள் நாணுகிறார்கள். தன் வீட்டு நிலைமை கடவுளின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று அறிவதைவிடப் பெரிய ஆறுதலை எந்த அட்டை தரும்?

இலக்கிய நண்பர்கள் இதைச் சபைக்குள் நடக்கும் சச்சரவு என்று ஒதுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் சைவர். கடைசிவரை சைவராகவே இருந்தார். அவர் இனிக்கும் வசனங்களைப் பொறுக்கியெடுத்துத் தமிழாக்கவில்லை. புலம்பலும் சாபமும் வம்சவரலாறும் சேர்ந்துதான் தமிழுக்கு வந்தன. நம்பாத ஒருவர் வாசித்த அளவுக்காவது நம்புகிறவர்கள் வாசிக்கக்கூடாதா?

88ஆம் சங்கீதம் 18 வசனம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, பதில் ஏதும் வராமல், இருளில் முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஓர் ஆறுதல் வரியை ஒட்டவைக்கவில்லை. வரப்போகும் டிசம்பர் 31 அன்று ஏதாவதொரு சபையில் போதகர் அட்டைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, இதை முழுதும் உரக்க வாசிக்கட்டும். அந்த வருடம் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாதா என்ன.