அவையறிதல் முன், அவையஞ்சாமை பின்

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் முதலாமாண்டு வகுப்பில் ஆண்டு தவறாமல் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் ஒரு மாணவர் எழுந்து ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களை ஒப்பித்துவிட்டு அமர்வார். பெயர், ஊர், படித்த பள்ளி, தந்தையின் தொழில். அடுத்தவரும் அதே நான்கு. அறுபதாமவர் வரை அது தடையின்றி ஓடும். கடம்பத்தூரிலும் மணவூரிலும் திருவாலங்காட்டிலும் மின்சார ரயில் ஏறி வரும் பிள்ளைகள் இவர்கள். சற்றுமுன் அதே ரயிலில் வழிநெடுக வாய் ஓயாமல் பேசி வந்தவர்கள். ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வருவோரில் சிலர் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழுமாகப் புழங்குபவர்கள். இரண்டு மொழிகளில் சரளமாக வாயாடும் ஒருவர் மூன்றாவது மொழியில் நான்கு வாக்கியங்களோடு நின்றுவிடுவதைத்தான் நம் கல்லூரி ஆவணங்கள் 'தகவல்தொடர்புத் திறன் குறைவு' என்று குறித்து வைக்கின்றன.

2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிய பின் கல்லூரிகளில் திறன் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பேச்சு என்றதும் அதை ஆங்கிலத் துறையின் கணக்கில் எழுதிவிட்டுத் தமிழ்த்துறை கைகட்டி நிற்பது முறையன்று. தொடக்கநிலைப் பேச்சுப் பாடம் ஒன்றைத் திட்டமிடுவதும் நடத்துவதும் தமிழாசிரியரின் வேலை என்பதும், அதன் முதல் பருவம் மாணவரின் பேச்சுத்தமிழிலேயே அமைய வேண்டும் என்பதும் நம் துணிபு.

இப்படிச் சொன்னதும் நம் துறை நண்பர்கள் பெருமிதத்தோடு நிமிர்வார்கள். மேடைத்தமிழ் நம் சொத்தல்லவா? அந்தப் பெருமிதத்தில்தான் நமக்கு ஐயம். நாமே பலமுறை பேச்சுப்போட்டிக்கு உரை எழுதிக் கொடுத்திருக்கிறோம். எதுகையும் மோனையும் தூக்கலாக, கைதட்டலுக்கு இடம்விட்டு எழுதிய உரைகள். அப்படி ஓர் உரையை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய மாணவி ஒருவரிடம், நடுவராக வந்தவர் அன்போடு ஒரு கேள்வி கேட்டார்: "நீ சொன்னதில் உனக்கு எது பிடித்திருக்கிறது?" அந்தப் பெண் நம் முகத்தைப் பார்த்தார். பதில் நம்மிடம் இருக்கும் என்று நினைத்தார் போலும். அன்றோடு உரை எழுதிக் கொடுப்பதை நிறுத்தினோம்.

ஆக, நம் மாணவருக்கு எதிரே இரண்டு சுவர்கள். ஒன்று ஆங்கிலம், எல்லாரும் அறிந்தது. மற்றொன்று செந்தமிழ், அதை நாம் கட்டினோம். மேடை ஏறினால் 'வந்துக்கிட்டிருந்தேன்' என்று சொல்லக்கூடாது, 'வந்துகொண்டிருந்தேன்' என்றே சொல்ல வேண்டும் என நம்பும் பிள்ளை, வினைமுற்றைத் தேடுவதற்குள் சொல்ல வந்த பொருளைத் தொலைத்துவிடுகிறது.

இந்த மேடைத்தமிழ் தொன்றுதொட்டு வருவதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மதுரை மேடைப்பேச்சை நேரில் ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் பெர்னார்ட் பேட் 2009இல் வெளியிட்ட நூலில், அரசியல் மேடையின் செந்தமிழ் நடை இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம் என்று காட்டினார். 2016இல் அவர் மறைந்த பின் 2021இல் வந்த நூல் இன்னும் பின்னோக்கிச் சென்று, கிறித்தவப் பிரசங்க முறைக்கும் தமிழ்ப் பொதுப்பேச்சுக்குமான உறவைப் பேசுகிறது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி அம்முறையை அருகிலிருந்து கண்டவர் ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். தம் சமயத்துக்கு எதிர்த்தரப்பில் நின்றவர்களின் கருவியை எடுத்துத் தம் அவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

திரு.வி.க.வையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர், பத்திரிகைக்கும் பின்னர் தொழிலாளர் மேடைக்கும் வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் தலைவர் பி.பி.வாடியா ஆங்கிலத்தில்தான் பேச முடியும். கேட்பவர்களோ பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள். அந்த அவைக்குத் தமிழில் பேச ஆள் வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டிக்கும் திருப்பெரும்புதூருக்கும் கம்பெனிப் பேருந்து ஏறிப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம், அந்தத் தமிழாசிரியரை வெறும் நடைநலத்துக்காக மட்டும் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவை என்றதும் குறள் நினைவுக்கு வரும். பேச்சச்சம் பற்றிப் பேசுவோரெல்லாம் 73ஆம் அதிகாரமான அவையஞ்சாமையை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரம் அவையறிதல் என்பதைக் கவனிப்பவர் குறைவு. அதற்கும் முன்னே 65இல் சொல்வன்மை. அதற்கும் வெகு முன்னே 42இல் கேள்வி. பாடத்திட்டத்துக்கென்று வள்ளுவர் அடுக்கியதல்ல இது; ஆயினும் இதைவிட நல்ல வரிசை நமக்கு அகப்படவில்லை. முதலில் கேட்கப் பழகுதல், பிறகு சொல்லைத் தேர்தல், எதிரே இருப்பவர் யார் என்று அறிதல், கடைசியில் அஞ்சாமை. நாமோ முதல் நாளே மேடையில் தள்ளிவிட்டு "பயப்படாதே" என்கிறோம். பேச்சச்சத்தை அளந்து ஆராயும் முறையை 1970இல் வகுத்த ஜேம்ஸ் மெக்ராஸ்கி போன்றோர், அச்சம் மிகுந்தவரை மேடையேற்றுவதால் மட்டும் அச்சம் தீராது, சில வேளை அது வேரூன்றியும் போகும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

இனி, யாரும் பேச விரும்பாத கணக்குக்கு வருவோம். ஒரு வகுப்பில் 60 பேர். ஆளுக்கு 3 நிமிடப் பேச்சு. கேள்விக்கும் அடுத்தவர் எழுந்து வருவதற்கும் 2 நிமிடம். மொத்தம் 300 நிமிடங்கள். வருகைப்பதிவு போக ஒரு பாடவேளையில் மிஞ்சுவது 45 நிமிடம். ஆக ஒரு சுற்றுக்கு 7 பாடவேளைகள். 90 வேலை நாள்கள் கொண்ட பருவத்தில், ஆறு நாள் சுழற்சிக்கு இரண்டு பாடவேளை வீதம் 30 கிடைக்கும். அகத்தேர்வு, விழா, மழை விடுமுறை எல்லாம் போனால் 24 மிஞ்சினால் பெரிது. மூன்று சுற்று வைத்தால் 21 போய்விடும். பாடம் நடத்த மூன்றே வேளை. எனவே ஆசிரியரின் சொற்பொழிவைத்தான் வெட்ட வேண்டும். பேச்சுப் பாடத்தில் மிகுதியாகப் பேசுபவர் ஆசிரியராக இருப்பதைப் போன்ற வேடிக்கை வேறில்லை.

நம் யோசனை இதுதான். தனியுரை இரண்டு சுற்று, 14 பாடவேளை. மீதி 10இல் பெரும்பகுதி ஆறு ஆறு பேராகப் பிரிந்து, உட்கார்ந்த இடத்திலேயே பேசுவதற்கும் கேட்பதற்கும். பத்துக் குழுக்கள் ஒரே நேரத்தில் பேசினால் சந்தை இரைச்சல் எழும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும். கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. தன் பேச்சு நாளில் வராமல் போகிறவருக்கு என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் பருவத்தின் பாதி சமாதானங்களைக் கேட்பதிலேயே கழியும்.

மதிப்பெண்ணில் இன்னொரு சிக்கல். நான்கு பிரிவுக்கு நான்கு ஆசிரியர்கள். ஒருமுறை கைப்பேசியில் பதிந்த ஒரே பேச்சை நால்வரும் கேட்டு மதிப்பிட்டோம். பத்துக்கு ஒருவர் 9 தந்தார், ஒருவர் 4. நான்கு தந்தவர் சொன்ன காரணம்: "கொச்சையாகப் பேசுகிறான்." அன்று மாலை முழுதும் அந்தச் சொல்லைப் பற்றியே வாதிட்டோம். ஆசிரியர்கள் பருவத் தொடக்கத்தில் கூடி இப்படிச் சண்டையிட்டுக்கொள்வது பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. 1914இல் சிகாகோவில் பேச்சாசிரியர்கள் 17 பேர் ஆங்கில ஆசிரியர் அமைப்பிலிருந்து பிரிந்து தனிச்சங்கம் கண்டதும், எழுத்துக்கான அளவுகோலால் பேச்சை அளக்க முடியாது என்ற உணர்வில்தான். நாம் பிரிய வேண்டியதில்லை; அளவுகோலை மாற்றினால் போதும்.

"நேர்முகத்தேர்வு ஆங்கிலத்தில்தானே நடக்கும்?" என்று கேட்கப்படும். நடக்கட்டும். இரண்டாம் பருவத்தில் ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆங்கிலத் துறை நண்பர்கள் நடத்தட்டும். கேட்பவருக்கு ஏற்பப் பொருளை அடுக்கத் தெரிந்தவருக்கு மொழி மாற்றுவது உழைப்பு. தெரியாதவருக்கு அது ஒப்பித்தல்.

சென்ற ஆண்டு ஒரு மாணவர். தொழிற்சாலை ஒன்றில் வாரத்தில் சில நாள் இரவு ஷிஃப்ட் போய்விட்டு வகுப்பில் தூங்குபவர். 'தெரிந்த வேலை ஒன்றை விளக்குக' என்ற சுற்றில், ஷிஃப்ட் முடியும்போது அடுத்த ஆளிடம் இயந்திரத்தை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று தம் வீட்டுத் தமிழிலேயே பேசினார். 3 நிமிடம் என்றோம், 7 நிமிடம் பேசினார், நாம் நிறுத்தவில்லை. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: "அடுத்த ஆள் வரலைன்னா மிஷினை யார்கிட்ட விடுவீங்க?" அவர் சற்று நின்றார். "அதைச் சொல்ல விட்டுட்டேன்" என்று மீண்டும் பலகைப் பக்கம் திரும்பிச் சுண்ணக்கட்டியை எடுத்தார். மணி அடித்தும் வகுப்பு எழவில்லை. வருகிற பருவத்துக்கு இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து ஒதுக்கித் தரும்படி நாம் விண்ணப்பம் கொடுத்திருப்பது இதனால்தான்.